கட்டிலில் வேகும் கடலை

கேஸ் இணைப்பைத் துண்டிக்க ஆள் வருவான் என்று
தெயோலிந்தாவுக்குத் தெரியும்.
விடியுமுன் எழுந்துவிட்டாள்.

இரவே ஊறிய கொண்டைக்கடலை,
தட்டிப்போட்ட நாலு பல் பூண்டு,
பாலாடைக்கட்டியின் காய்ந்த தோல்
(எறிகிற பொருளா அது?).
இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு
மூடியை இறுக்கி,
பிர்மினோவின் கம்பளிக் கோட்டில் சுற்றி
மெத்தையில் கிடத்தினாள்.
காய்ச்சல்காரனுக்குப் போல
கழுத்துவரை போர்த்தினாள்.

பத்தரைக்கு வந்தான். குழாய்க்கு முத்திரை வைத்தான்.
கையெழுத்து வாங்கும்போது மூக்கு விடைத்தது:
"அடுப்பு ஜில்லென்று கிடக்கிறது. வாசனை எங்கிருந்து?"

கட்டிலைக் காட்டினாள்.

எவோராவின் வெள்ளைச் சுவர்களில்
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
அவன் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி,
காதில் செருகிய பென்சிலை எடுத்தான்.

"முதலில் எத்தனை நிமிடம் கொதிக்கணும்?"