ரிஜெக்ட் பீஸ்

ஹாலந்து ஆர்டர். குழந்தைகள் சட்டை,
தொண்ணூற்றிரண்டிலிருந்து நூற்றுப் பதினாறு சைஸ் வரைக்கும்.
நெஞ்சில் ஒரு காற்றாலை:
செங்கல் உடம்பு, கூரை,
சன்னல் இரண்டு, இறக்கை நான்கு.
முந்நூறு வருசத்துக் கட்டடமாம்,
மெர்ச்சண்டைசர் தம்பி சொன்னார்.
உள்ளே இன்னும் மாவு அரைக்கிறார்களாம்,
சீட்டு வாங்கிக்கொண்டு
குடும்பம் குடும்பமாய்ப் போய்ப் பார்க்கிறார்களாம்.

டியூப்லைட்டுக்கு அடியில் பிசிறு வெட்டி
நாளைக்கு எழுநூறு காற்றாலை பார்க்கிறேன்.
ஒன்றும் சுற்றியதில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு லீவு.
ஊரே ஆற்றுக்குப் போனது.
தன்ஷிகா மட்டும்
'காத்தாடி பாக்கோணும்' என்று காலை உதைத்தாள்.
கம்பெனி ஏஸ் வண்டியில்,
அட்டைப்பெட்டி வாசத்தோடு,
பல்லடம் தாண்டி, கேத்தனூர் தாண்டி,
பூளவாடிப் பக்கம் ஒரு கொறங்காட்டு ஓரம் இறங்கினோம்.

சேலையைப் பிடுங்குகிற காற்று.
தக்காளிச் சோற்று டப்பா மூடி பறந்து
கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் விழ,
எடுக்கப் போன வீட்டுக்காரர்
வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார்.
மூடி வரவில்லை.

வெள்ளைத் தூண். அண்ணாந்தால் கழுத்து வலி.
'ஏம்மா, வீடு எங்க?'
கூரை இல்லை, சன்னல் இல்லை.
அடியில் ஓர் இரும்புக் கதவு, பூட்டு,
மண்டையோட்டுப் படம்.
அதற்கு மேலே
எங்கள் கம்பெனி பேர்.

'மாவரைக்குமா?'
'கரண்டு அரைக்கும் சாமி.
உங்கம்மா டியூப்லைட்டு இதுலதான் எரியுது.'

செக்கிங் கண் சும்மா இருக்காது.
ஒன்று, இரண்டு, மூன்று.
வருவது எது, போனது எது என்று தெரியாமல்
மறுபடி எண்ணினேன்.
'ஒண்ணு குறையுதுங்க.'

சிரித்துக்கொண்டே மகளைக் காட்டினார்.
போன மாதம் நான்தான்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினேன் அந்தச் சட்டையை.
பிரிண்டில் ஓர் இறக்கை விழவில்லை.
சம்பளத்தில் இருபது ரூபாய் பிடித்துக்கொண்டு
கொடுத்தார்கள்.

குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள்.
நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.
'அம்மா, நம்மளது கரெக்ட்டு.'

நிழல் ஒவ்வொன்றாய்த் தரையில் ஓடி வந்தது.
செம்மறிகள் தலை தூக்கவில்லை.
இவள் மட்டும் தாண்டித் தாண்டிக் குதித்தாள்,
சோறு ஆறிப் போகும் வரை,
ஒன்றைக்கூட மிதிக்காமல்.

மறுநாள் காலை மேசைக்கு முதலில் வந்தது
பிசிறில்லாத பீஸ்.
கூரை சரி, சன்னல் சரி, இறக்கை நான்கு.
எந்தப் பெட்டியில் போடுவதென்று
கொஞ்ச நேரம்
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.