ஆறாறாய் எட்டு

நாளை பத்து மணிக்கு வுப்பர்டாலில்
தொங்கு ரயிலுக்குக் கீழிருக்கும் கடையில்
மடிக்கணினியைக் கொடுக்க வேண்டும்.
வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறினேன்.
உலாவி மனப்பாடம் செய்திருந்த கடவுச்சொற்களை
ஒவ்வொன்றாய் மறக்கடித்தேன்.
திருத்துபவருக்கென்று தனிக் கணக்கு:
பெயர் விருந்தாளி, உள்ளே வெறும் சுவர்.

பூட்டிய வன்தட்டைத் திறக்கும்
மீட்புச் சாவி மட்டும் மிச்சம்.
ஆறாறாய் எட்டுக் கூட்டம் இலக்கங்கள்.
அச்சுப்பொறியில் மை இல்லை.
சனிக்கிழமை முதல் பேசாத தவநீதன்
பேனாவோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"ஒண்டோ, ஏழோ?"
ஐந்து நாளில் முதல் கேள்வி.
"ஏழு. இஞ்சத்தைய ஆக்கள் மாதிரி
குறுக்க ஒரு கோடு போடுங்கோ,
இல்லாட்டி நாளைக்கு நாங்களே
ஒண்டெண்டு வாசிப்பம்."

நாற்பத்தெட்டாவது இலக்கம் மூன்று.
யன்னலுக்கு வெளியே கடைசி ரயில்
தொங்கியபடி போனது.
பேனாவை மூடவில்லை அவர்.
"எங்கயோ பிழை விட்டிருப்பன்," என்றார்,
"முதல்லயிருந்து சொல்லும்."