தெரியும்

லைட் தெரு நீதிமன்றத்தில்
பதினெட்டு வருடமாக நான் மற்றவர்களின் வாய்.
இன்று செங்கமலத்தின் வாய்.
பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள்,
இரவு வேலை முடிந்து
டத்தோ கிராமாட் சாலையில் பஸ்ஸுக்கு நின்றவள்.
மழை. ஒரே விளக்கு, அதுவும் விட்டுவிட்டு எரிந்தது.

"சங்கிலிய அறுத்தது இவன்தான். எனக்குத் தெரியும்."

அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன்.
தெரியும் என்றால் கண்ணில் படும்.
தெரியும் என்றால் அறிவேன்.
நமக்கு இரண்டுக்கும் ஒரே கதவு;
நீதிபதிக்கு ஒன்றைத்தான் திறந்துகாட்ட முடியும்.
மலாயில் அறிவது தாவு,
கண்ணுக்குப் படுவது நம்பாக்.
என் தமிழ்க் காது சும்மா இருப்பதில்லை:
அறிய வேண்டுமானால் தாவு என்கிறது,
கண்டதை நம்பாதே என்கிறது.

"தாவு" என்றேன்.
சொன்ன பிறகு வாய் உலர்ந்தது.

மதிய இடைவேளைகளில் கிரேக்கர்களைப் படிக்கிறேன்,
கோப்பி ஓ ஆறும்வரை, ஆறிய பிறகும்.
ஏதென்சில் ஒருவருக்குச் சந்தேகம் வந்ததாம்:
திருட்டைப் பார்க்காத நடுவர்கள்,
பானையில் தண்ணீர் சொட்டித் தீர்வதற்குள்
பேச்சைக் கேட்டே
சரியான தீர்ப்பைச் சொல்லிவிட்டால்
அது அறிவா?
குருட்டாம்போக்கில் இலக்கில் விழுந்த கல்.
பார்த்தவனுக்குத்தான் அறிவு.

சரி, பார்த்தவள் இதோ நிற்கிறாள்.
எதிர்த்தரப்பு வக்கீல் பின்வரிசைக்குத் தலையசைக்க
இன்னொருவன் எழுந்தான்.
அதே நெற்றி, அதே காது,
கோர்ட்டுக்கென்று வாங்கிய அதே புதுச் சப்பாத்து.
கிருபாகரனும் தயாகரனும்
பதினொரு நிமிட இடைவெளியில் பிறந்தவர்களாம்.

தூண் மண்டபத்தில் பாடம் சொன்னவர்கள்
கையைக் காட்டி விளக்கினார்கள்.
விரித்த உள்ளங்கை தோற்றம்.
விரல் மடங்கினால் இசைவு.
இறுக மூடினால் பிடி.
மூடிய கையை மறு கை பற்றினால்தான் அறிவு.
எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு முட்டைகளை நீட்டினார்கள்:
எது எந்தக் கோழியுடையது, பிடித்துச் சொல்.
ஏதோ ஒரு தீவில் கோழி வளர்ப்பவர்கள்
முட்டையைப் பார்த்தே கோழியைச் சொல்வார்களாம்.
இதுவும் தீவுதான்.

செங்கமலம் இருவரையும் பார்த்தாள்.
ஒலிப்பதிவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.
நானும் பேசாமல் நின்றேன்;
அன்று நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்தது அதை மட்டும்தான்.

"ஓடும்போது ஒரு செருப்பு கழண்டுச்சு.
நின்னு, குனிஞ்சு, மாட்டிக்கிட்டு ஓடினான்.
திருடன் செருப்புக்கு நிப்பானா?
இவன் நின்னான்."

எந்த இவன் என்று விரல் சொல்லவில்லை.
மேலே வந்த கை பாதியில் மடங்கி நின்றது,
விரிந்ததும் இல்லை, மூடியதும் இல்லை.
இவன் என்பதை அப்படியே மலாயில் வைத்தேன்.
விரலை மொழிபெயர்க்க எனக்குச் சம்பளம் இல்லை.

வழக்கு அடுத்த மாதம் பதினேழுக்குத் தள்ளிப்போனது.

ஐந்து மணி, ஃபெரி வரிசை.
எனக்குப் பின்னால் ஒருவன்
சப்பாத்தைக் கழற்றிக் குதிகால் புண்ணை ஊதுகிறான்.
நிமிர்கிறான்.
"அக்கா, அந்த அம்மாவுக்கு நெசமாவே தெரியுமா?"
இவன் எவன்?
பட்டர்வொர்த் பக்கம் மழை. கரையே இல்லை.
"தெரியல தம்பி."

எதைச் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை.
சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொண்டான்,
கயிறு கட்டாமல்.