பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்

படிவத்தில் ஒன்பது கேள்விகள்.
கடந்த இரண்டு வாரங்களில்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா?
இல்லவே இல்லை, சில நாட்கள்,
பாதிக்கும் மேற்பட்ட நாட்கள், கிட்டத்தட்ட தினமும்.
ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும்.

நான் எப்போதும் மூன்றாவதில் இடுகிறேன்.
நான்காவதில் இட்டால்
டாக்டர் குதாய்த்தே கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.
கண்ணாடி இல்லாத அந்த முகத்துக்குப்
பதில் சொல்லத் தெம்பில்லை.

வேலை நாட்கள் பரவாயில்லை.
நாலே முக்காலுக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.
நெமுனாஸ் ஆற்றுப் பனிமூட்டம்
கௌனாஸ் நகரத்தைப் பாதி தின்றிருக்கும்.
நான் ஓட்டுவது டிராலிபஸ்.
தலைக்கு மேல் இரண்டு கம்பிகள்,
கம்பி போகும் தெருவில்தான் நானும் போவேன்.
இடமா வலமா என்று யாரும் கேட்பதில்லை.
இந்த வேலையை நான் விடாததற்கு
அதுதான் காரணம் என்று
யாரிடமும் சொன்னதில்லை.

விடுமுறை நாள்தான் மலை.
குளிப்பது ஒரு வேலை என்று நினைப்பீர்கள்,
எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.
நாலாவதிலேயே உட்கார்ந்துவிட்டேன்
தொட்டியின் விளிம்பில், ஒற்றைக் காலுறையோடு.
தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
ரிம்வீதஸ் வந்து குழாயை மூடினான்.
காலுறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் கேட்பான்,
என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள், நானா காரணம்.
இப்போது கேட்பது ஒன்றுதான்:
முட்டை ஒன்றா, இரண்டா?
நான் பதில் சொல்லிவிட்ட நாட்களில்
காலண்டரில் பென்சிலால் சின்னதாய் ஒரு புள்ளி வைக்கிறான்,
எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.
நவம்பர் முழுக்க மூன்று புள்ளிகள்.

டிப்போவில் ஸ்தாசே சொல்கிறாள்,
எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருந்தது,
தேன் சாப்பிடு, காட்டுக்குப் போய்க் காளான் பறி.
போனேன்.
கூடை நிறையக் காளானோடு
அப்படியே திரும்பி வந்தேன்.

மாத்திரை சிரிக்கவைக்கும் என்று நினைத்திருந்தேன்.
அது செய்வது
தரையை ஒரு சாண் உயர்த்தி வைப்பது மட்டும்.
விழுகிறேன்தான்.
முன்னைப் போல் ஆழமில்லை.

ஜனவரியில், சவனோரியு சாலைத் திருப்பத்தில்
கொம்புகள் கம்பியைவிட்டு நழுவின.
வண்டி செத்தது.
விளக்கு அணைந்தது, ஹீட்டர் நின்றது,
முப்பது பேர் மூச்சுவிடும் சத்தம்.
இறங்கிப் போய் மாட்ட வேண்டியது நான்தான்.
இறங்கவில்லை.
இருட்டு இதமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.
யாரும் என்னை எதுவும் கேட்காத இருட்டு.

ஒரு பையன் வந்து கண்ணாடியைத் தட்டினான்.
முதுகில் அவனைவிடப் பெரிய அக்கார்டியன் பெட்டி.
செத்துப்போச்சா?
பஸ்ஸா? என்றேன்.
பின்னே வேறென்ன என்பது போலப் பார்த்தான்.

கையுறையைத் தேடினேன், ஒன்றுதான் கிடைத்தது.
பின்பக்கம் கயிறு உறைந்து விறைத்திருந்தது.
இழுத்தேன், தவறியது.
இழுத்தேன், பக்கத்துக் கம்பியில் உரசித் தவறியது.
பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.
எத்தனையாவது தடவை என்று நினைவில்லை,
நீலமாய் ஒரு பொறி,
உள்ளே முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன.

யாரும் கைதட்டவில்லை.
ஒருவர் விட்ட இடத்திலிருந்து செய்தித்தாளைப் படித்தார்.
சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான்.
இல்லை.
கையுறை இல்லாத விரல்கள் வலித்தன.
வலிக்கிறது என்று தெரிந்தது,
அடுத்த நிறுத்தம்வரை
தெரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை அவன் கேட்டான்.
ஒன்று, என்றேன்.
இரண்டு போட்டிருந்தான்.
ஒன்றரை சாப்பிட்டேன்.