வலது பக்கம்

ஆறாம் வகுப்பிலிருந்து
ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான்.
அதனால் யதுர்ஷனாவின் இடது கன்னம்தான்
எனக்குப் பாடம்.
கணக்கு வராதபோது அது உப்பும் விதம்,
கொட்டாவியை விழுங்கும்போது
காதுமடல் நூலளவு பின்னால் போவது,
கண்ணை மூடிக்கொண்டும் கீறுவேன்.
என் கொப்பிகளின் கடைசித் தாள்களெல்லாம்
இடப்பக்கம் பார்க்கும் யதுக்கள்.

ஏ.எல். தொடங்கி மூன்றாம் கிழமை
முன்வரிசைக்குப் போனாள்.
சண்டை இல்லை.
"மிஸ் மாறச் சொன்னா" என்றாள்.
மிஸ் சொல்லவில்லை.
அது எனக்குத் தெரியும் என்று
அவளுக்கும் தெரியும்.

வெள்ளவத்தையில், எங்கள் நாலாம் மாடியில்,
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
அடிமட்டம் அகலத்துக்குக் கடல்.
முதலில் அதைக் கீறினேன்.
பிறகு தண்டவாளம்,
தண்டவாளத்துக் கல்லில் யாரோ காயப்போட்ட சாரம்,
லிஃப்ட் வேலை செய்யாது என்ற நோட்டீஸ்,
நூறாம் நம்பர் பஸ்ஸின் வெறும் சீட்டுகள்.
ஆளில்லாத எதையும்.

"யது ஏன் இப்ப வாறேல்லை?"
அம்மா அடுப்படியிலிருந்து கேட்டா.
"டியூசன்."
பென்சிலைக் கட்டரில் திருகினேன்.
கூராகி, உடைந்து, திரும்பக் கூராகி
சின்னவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது.

சாரத்தின் படத்தை அவளுக்கு அனுப்பினேன்,
இரவு எட்டரைக்கு.
உடனே இரண்டு நீலக் கோடு.
மறுநாள் மத்தியானம் ஒரு கட்டைவிரல்.
மஞ்சள் கட்டைவிரல், யாருடையதும் அல்லாதது.
அதையும் கீறினேன்.
நகம் வைத்தேன்,
நகத்தின் ஓரத்தில் பல் பட்ட தடம் வைத்தேன்.
அவள் நகம் கடிப்பாள்.

செவ்வாய்க்கிழமை, இரசாயனவியல்.
பக்கத்துப் பிள்ளையிடம் அழிறப்பர் கேட்டு
கொஞ்சம் திரும்பினாள்.
வலது தாடையில், காதுக்குக் கீழே,
ஓர் அம்மைத் தழும்பு.
பாதி அரிசி அளவு.

ஆறு வருசம்.
அவளோடு ஒரே ரோல்ஸைப் பிய்த்துத் தின்றிருக்கிறேன்,
ஒரே குடைக்குள் காலி வீதியைக் கடந்திருக்கிறேன்,
காய்ச்சலில் அவள் தலை என் மடியில் கிடந்திருக்கிறது.
பின்னல் மறைத்ததா,
நான்தான் பார்க்கவில்லையா?

இன்றிரவு வலது பக்கத்தைக் கீறுகிறேன்.
பழகாத திசை. மூக்கு அந்தப் பக்கம் பார்த்தால்
கை கோணுகிறது.
முதலாவது அவளுடைய அக்கா மாதிரி.
நாலாவது யாரோ.
ஏழாவதில் ஒரு பெண் இருக்கிறாள்,
அவளை எனக்குத் தெரியாது,
ஆனால் அவளுக்கு யதுவின் கழுத்து.

தழும்பைக் கீறவில்லை.
சுற்றிவரக் கரியைத் தேய்த்து
அந்த இடத்தில் மட்டும்
தாளைத் தாளாகவே விட்டேன்.

பத்தேகாலுக்கு மருதானைக் கோச்சி போகிறது,
ஜன்னல் நடுங்குகிறது, கூடவே கோடும்.
அழிக்கவில்லை.

எத்தனை வயதில் அம்மை வந்தது என்று
நாளைக்குக் கேட்கலாம்.
கேட்க மாட்டேன்.
பென்சில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.