மாங்காய் போடாதது

போச்சம்பள்ளி ரோட்டில்
மாங்கூழ் ஆலைக்கு எதிரே என் கடை.
மூன்று பெஞ்சு, ஒரு கரும்பலகை.
வைகாசி கடைசியில் ஒரு ராத்திரி
அடித்த காற்றில்
திம்மராயன் தோப்பு பாதி உதிர்ந்துவிட்டது.
அடிபட்டதை ஆலை எடுக்காது.
விடியும்முன் என் வாசலில் இரண்டு மூட்டை.
விலை கேட்டேன்.
"ரெண்டு நாளைக்குச் சோறு போடு" என்றார்.

அத்தனையும் பெங்களூரா, கொட்டை முற்றியது.
அருவாமனையில் உடம்பையே சாய்த்து அழுத்தினால்தான்
பிளக்கும்.
வெல்லம் ஒரு கட்டி, காய்ந்த மிளகாய்,
கடுகு வெடித்ததில் ஐந்தாம் நம்பர் பஸ்
போனதே தெரியவில்லை.
பலகையில் எழுதினேன்:
களி. மாங்காய்க் குழம்பு.
மாங்காய்ப் பருப்பு. மாங்காய்ப் பச்சடி.
எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு மணிச் சங்கு.
வலைத்தொப்பியைக் கழற்றாமலே வந்த கெம்பம்மா
பலகையை மேலிருந்து படித்தாள்,
பிறகு கீழிருந்து.
"அண்ணா, மாங்கா போடாதது
ஏதாச்சும் இருக்கா?"
கையை நீட்டிக் காட்டினாள்.
நகக்கண் பத்திலும் மஞ்சள்.
"வீட்டுக்குப் போனா பையன்
சேலைய மோந்து பாத்துட்டு
எனக்குப் பழம் எங்கன்னு கேக்கறான்.
எனக்குன்னா
வாய்கிட்ட கொண்டுபோனாலே குமட்டுது."

பின்கட்டில் ஒரு பெட்டித் தக்காளி,
ராயக்கோட்டையில்
வண்டி வாடகைக்கும் கட்டாமல்
மச்சான் இறக்கிவிட்டுப் போனது.
எட்டுப் பழம், நாலு பச்சை மிளகாய்,
தோலோடு பூண்டு,
வேலியில் ஒடித்த முருங்கைக்கீரை ஒரு கை.
வெந்ததும் மத்தால் கடைந்தேன்.
களியில் குழி பறித்து ஊற்றினேன்.
களியை மெல்லக் கூடாது, விழுங்கணும்.
அவள் விழுங்கியது
அடுப்படி வரைக்கும் கேட்டது.

மறுநாள் பலகையில் முதல் வரியாக
'மாங்காய் போடாதது' என்று எழுதினேன்,
பேர் வைக்க நேரமில்லை.
சங்கு ஊதும்முன்பே வரிசை.
தரம் பிரிக்கிற பெண்கள், பாய்லர்காரர்,
லாரியில் சுமை இறக்கும் பையன்கள் நாலு பேர்.
கடைசியில் துண்டை உதறிக்கொண்டு திம்மராயன்.
"உங்க காய்லதான் குழம்பு வெச்சிருக்கேன்" என்றேன்.
பலகையை ஒரு தரம் பார்த்தார்.
"எனக்கும் அந்த மொத வரியே போடுப்பா."

ராத்திரி கடையைச் சாத்திவிட்டு
ஆறின களியும் மிஞ்சின மாங்காய்க் குழம்புமாக
நான் மட்டும் உட்கார்ந்தேன்.
சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.
இரண்டாம் உருண்டையை எடுக்கும்போது
மறுபடி காற்று.
தோப்புப் பக்கம்
தொப்.
கொஞ்சம் பொறுத்து
தொப், தொப்.