பதினான்காம் கணுவுக்கும் பதினைந்துக்கும் நடுவே

மணல் என்றால் எளிது.
நீர் அதில் வரிசையில் நிற்கும்,
நாளுக்கு ஒரு சாண் நகரும்,
ஒற்றைச் சமன்பாட்டுக்கு அடங்கிவிடும்.
இது சுண்ணாம்புப் பாறை.
இங்கே ஒரு துளி
முடி அகல விரிசலில் நூறு வருடம் உறங்கும்;
பக்கத்துத் துளியோ
மறுநாள் பொழுது சாய்வதற்குள்
மலையைத் தாண்டிவிடும்.

ஸ்லோவேனியாவின் இந்தப் பீடபூமியில்
இருந்த ஒரே ஆறு
ரம்ப ஆலைக்குப் பின்னால் குழிக்குள் இறங்குகிறது,
படிக்கட்டில் பாத்திரங்கள் உருளும் சத்தத்தோடு.
பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி
ஆல்பினாவின் மீன் பண்ணை ஓரம்
சத்தமே இல்லாமல் எழுகிறது.
நடுவில் இருப்பது என் வேலை.

கணினியில் அது இருபத்தொரு கணுக்கள்,
கணுக்களை இணைக்கும் குழாய்கள்.
ஒவ்வொன்றுக்கும் நீளம், விட்டம்,
சுவரின் சொரசொரப்பு.
யாரும் போகாத இடங்களுக்கு
நானே எண் வைத்தேன்,
பொய்க்கு நம்பிக்கை சேர்ப்பதுபோல்
இரண்டு தசமத்தோடு.

ஒரு குழாய் மட்டும் ஊகமில்லை.
பதினான்கிலிருந்து பதினைந்து.
யெர்னேய் அதற்குள் போய்வந்தவன்,
காற்றுக்கலனை முதுகிலிருந்து கழற்றி
முன்னால் தள்ளிக்கொண்டே.
அன்றிரவு சாப்பிடும்போது கேட்டேன்,
எவ்வளவு அகலம்?
ரொட்டிக்கு மேலே இரு கைகளையும் விரித்தான்.
டேப் எடுத்து அளந்தேன்.
சிரித்தான்.
அசையாதே என்றேன்.
அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

இப்போது அவன் ட்ரியெஸ்தேயில்,
படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறான்,
வேறொருத்தியின் வீட்டுக்குத் திரும்புகிறான்.
என் மாதிரியில்
கைகள் விரிந்தபடியே இருக்கின்றன.

அக்டோபர் மழை விட்டதும் சாயம் கொட்டினோம்.
நான்கு கிலோ. பொடியாக ஆரஞ்சு,
நீர் பட்டதும் பச்சை.
என் மீன் பச்சையானால்
அத்தனையும் நீதான் தின்ன வேண்டும்
என்றாள் ஆல்பினா, பாதி விளையாட்டாக.
மாதிரி சொன்னது: முப்பத்தெட்டு மணி நேரம்,
ஒரே மேடு, பிறகு நீண்ட வால்.

நாற்பதாவது மணியில் வந்தது.
காரில் தனியாக உட்கார்ந்து விசிலடித்தேன்.
கோடு ஏறியது, இறங்கியது,
மூன்றாம் இரவு
யாரும் கேட்காமலே
மறுபடி ஏறியது.
சின்ன மேடு. ஆனால் மேடு.

இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது.
எட்டிலிருந்து ஒரு குழாய் வரைந்தேன், பொருந்தியது.
பதினொன்றிலிருந்து வரைந்தேன், பொருந்தியது.
எங்கிருந்து கிளைத்தாலும் பொருந்துகிறது.
அதுதான் சிக்கல்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவனை அழைத்தேன்.
பின்னணியில் ஏதோ மோட்டார் ஓடியது.
பதினைந்துக்கு முன்னால், இடப்பக்கம்
ஏதாவது இருந்ததா?

மோட்டார் நின்றது.

மணிக்கட்டு, என்றான்.
கையுறை முடியும் இடத்தில்
இடது மணிக்கட்டு மட்டும் சில்லிட்டது.
விளக்கைத் திருப்பவில்லை.
திருப்பியிருந்தால் போயிருப்பேன்.

ஏன் சொல்லவில்லை?

நீ அகலத்தைத்தானே கேட்டாய்.

பதினான்கு-அ என்று புதுக் கணு போட்டேன்.
விட்டம் என்ற கட்டத்தில்
மணிக்கட்டு என எழுத வழியில்லை,
எண் கேட்கிறது.
வெளியே ஆல்பினா
கண்ணாடி டம்ளரில் ஊற்றை முகந்து
வெயிலுக்கு நேரே பிடித்து
எல்லாம் போய்விட்டது என்கிறாள்.
கருவி இன்னும் எண்ணுகிறது.

அறுபத்திரண்டை மட்டும் நான் மாற்றவில்லை.
இல்லை, ஒரு முறை மாற்றிப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு என்றால்
முதல் மேடு
இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.